காலிப் பெட்டிக்கு எரிந்த விளக்கு

கடைசி வரிசையில் சுவரோரம் இருந்த கம்ப்யூட்டருக்குள் ஒன்றுமே கிடையாது என்பது கல்லூரி லேபைப் பார்த்துக்கொள்ளும் இருதய அருணுக்கு நன்றாகத் தெரியும். சென்னைக்குப் போய்க் காயலான் கடையில் அதை எடைக்கு எடுத்தபோது தூக்கிக்கொண்டு வந்தவனே அவன்தான். வெறும் தகரக்கூடு. உள்ளே போர்டு இல்லை, டிஸ்க் இல்லை. கழன்று விழுந்த திருகாணி ஒன்று மட்டும், பெட்டியை நகர்த்தினால் உருளும். மேலே வைத்திருந்த மானிட்டரும் முகப்புக் கண்ணாடி மட்டும் மிஞ்சிய கூடுதான். அந்த வரிசை முழுக்க அப்படித்தான். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தால் தலைகளை எண்ணுமே தவிர, உள்ளே மூளை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்காது. இந்த நடைமுறை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பொருந்தி வந்ததால் கல்லூரி செழிப்பாகவே நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காலிப் பெட்டிக்கான பச்சை விளக்கு இப்போது எரிந்துகொண்டிருந்தது.

லேபின் எல்லா ஒயர்களும் வந்து சேரும் சின்னப் பெட்டிக்கு ஹப் என்று பெயர். ஒயர் ஒன்றுக்கு ஒரு விளக்கு. மறுமுனையில் உயிருள்ள கம்ப்யூட்டர் இருந்தால்தான் அது எரியும். காலிப் பெட்டிகளுக்கும் ஒயர் இழுத்திருந்தது ஒப்புக்குத்தான். அந்த விளக்குகள் வாங்கிய நாள் முதல் எரிந்ததில்லை.

அருண் ஒயரைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. செருகினான். எரிந்தது. எழுந்து கடைசி வரிசைக்குப் போய், பெட்டியின் பின்னாலிருந்த ஓட்டைக்குள் திணித்திருந்த அந்த ஒயரின் மறுமுனையை இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான். உள்ளே யாரோ பிடித்துப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டதுபோல் சட்டென்று கையோடு வந்தது. முனை வெதுவெதுப்பாக ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தான். அவிந்த நெல்லின் வாசம்.

"ரஞ்சித்து நாயி," என்றான் அருண், வாய்விட்டு. மூன்றாம் ஆண்டில் அரியரோடு அலையும் ரஞ்சித்தைத் தவிர இந்தக் கல்லூரியில் விளையாடத் தெரிந்த மூளை வேறு எதுவும் கிடையாது என்பது அவன் முடிவு. ஒயரைத் திரும்ப ஓட்டைக்குள் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். வாசம் மட்டும் விரலைவிட்டுப் போகவில்லை.

வாசத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையில் நிற்கும் அந்தப் பொறியியல் கல்லூரி, முன்பு தாளாளர் பெரியசாமியின் அரிசி மில்லாக இருந்தது. நெல்லில் வரும் லாபத்தைவிடப் பிள்ளைகளில் வரும் லாபம் ஈரம் படாமல் இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவர். புகைக்கூண்டை இடிக்கக் காசாகும் என்பதால் அதன்மேல் கல்லூரிப் பெயரை மேலிருந்து கீழாக எழுதிவிட்டார்கள். நெல் அவித்த கொட்டகைதான் கம்ப்யூட்டர் லேப். முழங்கை அகலச் சுவர், ஜன்னல் கிடையாது, முன்னால் ஷட்டர், பின்னால் ஒரு இரும்புக் கதவு. ஏசி நன்றாக நிற்கும் என்றார் தாளாளர். நின்றது.

மில் காலத்திலிருந்து இரண்டு மிச்சங்கள். ஒன்று அந்தப் புகைக்கூண்டு. இன்னொன்று வாட்ச்மேன் முருகையன். கோலியனூர்க்காரர், மாலையானால் ஷட்டரை இறக்குமுன் குனிந்து உள்ளே பார்த்து, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று முறை குரல் கொடுப்பார். பதில் வந்தால் காத்திருப்பார், வராவிட்டால் பூட்டுவார். ஏசி போட்ட, கண்ணுக்கு நேரே எல்லாம் தெரிகிற ஹாலில் எதற்கய்யா இந்தக் கூப்பாடு என்று அருண் கேட்டிருக்கிறான்.

"அது அவியல் கொட்டாயில்ல சார். ஆவியில ஒன்னுந் தெரியாது. ஒருக்கா கேக்காம சாத்திட்டாங்க..." என்று ஆரம்பித்து, அதற்குமேல் போகாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அருணுக்கு அது சிரிப்பாக இருந்தது. ஒரு நாள் அவர் கூப்பிட்டபோது உள்ளே உட்கார்ந்தபடியே, "யாரும் இல்ல, சாத்திக்கினு போ!" என்று கத்தினான். சுற்றியிருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முருகையனும் சிரித்துக்கொண்டே பூட்டிவிட்டுப் போனார். அருண் பின்கதவு வழியாகப் போனான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அவர் கூப்பிடுவார், இவன் இல்லை என்பான், அவர் பூட்டுவார், இவன் பின்னால் போவான். கேட்கக் கேட்க இவன் குரலில் இளக்காரம் மெருகேறிக்கொண்டு வந்தது.

மழைக்காலம் பிறந்ததும் பிரிண்டர் ஆரம்பித்தது. யாரும் சொல்லாமலே விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது கிர்ர் கிர்ர் என்று தலையை ஆட்டி, காகிதத்தைத் தள்ளும். தாளில் ஒரு எழுத்தும் இருக்காது. ஆனால் தாள் நமுத்திருக்கும். அருண் டெலிபோன் ஒயரைப் பிடுங்கி, வெளியுலகத் தொடர்பை அறுத்துப் பார்த்தான். மறுநாளும் தள்ளியது. ஆக, கை உள்ளேயே இருக்கிறது.

காரணம் துறைத்தலைவர் விருத்தாசலம் என்பதில் அருணுக்குச் சந்தேகமில்லை. ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை அவர்தான் தம் திருக்கரங்களால் எல்லா மெஷினிலும் போட்டார். எதெது வேண்டும் என்று அது கேட்ட இடத்தில், எல்லாம் வேண்டும் என்று டிக் அடித்தார். ஆய்வுக் குழு 'என்னென்ன சர்வீஸ் உண்டு' என்று கேட்டால் சொல்ல வேண்டுமே. சர்வீஸ் என்றால் பெரிய சங்கதி இல்லை. கம்ப்யூட்டருக்குள் வாசலுக்கு ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு, வெளியே எவன் தட்டினாலும் 'யாரு, என்ன வேணும்' என்று கேட்டு வேலை செய்துகொடுக்கும் ஏற்பாடு. அச்சடிக்க ஒரு ஆள், அரட்டைக்கு ஒரு ஆள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஊருக்குச் சொல்ல ஒரு ஆள்.

"சார், வந்ததும் எல்லாத்தையும் மூடி வைக்கணும் சார். எது தேவையோ அத மட்டுந்தான் திறக்கணும். எவனாச்சும் வூட்டக் கட்டிட்டு எல்லாக் கதவையும் திறந்து போட்டுட்டுத் தூங்குவானா?"

"கல்யாண மண்டபத்துல எல்லா ஃபேனையும் போட்டுத்தானய்யா வைக்கிறோம்," என்றார் விருத்தாசலம். "ஆளு வந்தப்புறம் ஒன்னொன்னா போட்டுக்கினு இருந்தா மரியாதையா இருக்குமா?"

இந்த வாதத்தைக் கேட்டு ஸ்டாஃப் ரூமே தலையாட்டியது. கம்ப்யூட்டர் பாதுகாப்பை மின்விசிறியால் அளக்கிற மேதைகளிடம் பேசிப் பயனில்லை என்று அருணும் வாயை மூடிக்கொண்டான்.

ஆனால் தாளாளர் எதிரிலேயே பிரிண்டர் நேற்று மாலை நமுத்த தாளைத் துப்பியதும் காட்சி மாறியது. குழு நாளை காலை வருகிறது. பெரியசாமி தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவுங்க முன்னால இது தானா கத்துச்சுன்னா, நீ அப்பிடியே வூட்டுக்குப் போய்க்கினே இரு தம்பி. பின்னால திரும்பியே பாக்காத."

வீட்டுக்குப் போவதில் அருணுக்குத் தடையில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் அவனுக்கும் விழுப்புரம் வெனிலாவுக்கும் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச்சாமி கேட்டபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஓலைக்குள் மாப்பிள்ளைக்கு வேலை போனால், பெண்ணின் அப்பா சவரிராயன் வாயைத் திறப்பார். அவர் திறந்தால் மூட மாட்டார்.

ஆகவே இன்று அருணுக்கு முழு அதிகாரம். மதியமே கொள்கையை நிலைநாட்ட ஆரம்பித்துவிட்டான். ரஞ்சித் நுழைவது பின்வாசல் வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று, அந்த இரும்புக் கதவுக்கு வெளிப்பக்கமிருந்து பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை விருத்தாசலத்தின் மேசையில் வைத்தான். "தேவைப்பட்டாத்தான் திறக்கணும் சார்," என்று ஒரு குத்தும் குத்தினான். இன்றைக்கு மட்டும் முருகையன் கூப்பிடும்போது ஒழுங்கு மரியாதையாக 'நான் இருக்கேண்ணே' என்று சொல்லி, முன்பக்கமாகப் போய்விட வேண்டியதுதான்.

இப்போது ஹால் காலி. மழை கூரைத் தகரத்தில் மல்லாட்டைக் கடலை கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. சாரல் அடிக்கிறது என்று ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டிருந்தான். அதன் அடியில் அந்தி வெளிச்சம் ஒரு சாம்பல் பட்டையாகத் தரையில் கிடந்தது. ஏசி ஓடியும் கழுத்து கசகசத்தது.

மூடுவதற்கு முன், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் அந்த சர்வீஸிடமே ஒரு முறை கேட்டுப் பார்த்தான். திரையில் இரண்டு வரி வந்தது. ஒன்று அவன் பெயர். இன்னொன்றில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. உட்கார்ந்திருக்கும் இடம், கடைசி வரிசை, சுவரோரம். கீபோர்டைத் தொட்டு எவ்வளவு நேரமாகிறது என்றும் அது சொல்லும். நேரமே ஆகவில்லை என்றது.

அருண் திரும்பிப் பார்த்தான். கடைசி வரிசை. தகரக்கூடுகள். காலி நாற்காலிகள்.

ஆளிருக்கும்போது சர்வீஸை நிறுத்துவதானால் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும் என்பது முறை. உள்ளே இருப்பவர் வேலையை முடித்துக்கொண்டு வெளியே போக அவகாசம் கொடுப்பதற்காக. திருடனிடம் போய், ஐயா கதவைச் சாத்தப்போகிறேன் என்று அனுமதி கேட்க வேண்டுமாக்கும் என்று அருண் உதட்டைச் சுழித்தான்.

கேட்கவில்லை. மூட ஆரம்பித்தான்.

அரட்டை வாசல். மூடினான். தூரத்திலிருந்து நுழையும் வாசல். மூடினான். ஃபைல் கொண்டுபோகும் வாசல், கடிதம் வாங்கும் வாசல், யார் உள்ளே என்று சொல்லும் வாசல். தன் மெஷினில் முடித்து, வரிசையாக மற்ற மெஷின்களிலும் முடித்தான். கடைசியாக அச்சு வாசலை மூடியபோது, மூலையில் பிரிண்டரின் தலை ஒரு முறை ஓரத்துக்கு ஓடி, எச்சில் விழுங்குவதுபோல் ஒரு சத்தம் போட்டு, நின்றது.

அமைதி. விருத்தாசலம் இங்கே இருந்து இந்த அமைதியைக் கேட்க வேண்டும் என்று அருண் நினைத்தான். இதுதான் ஒரு கம்ப்யூட்டர் இருக்க வேண்டிய லட்சணம். தட்டினால் பேசாது. கேட்டால் சொல்லாது.

ஹப்பின் அந்தப் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.

முதலில் ஒன்று இரண்டு. பிறகு விடாமல். அதற்கு என்ன அர்த்தம் என்று அருணுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். காலிப் பெட்டியிலிருந்து எதுவோ ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்க்கிறது. அரட்டை வாசல், இல்லை. அச்சு வாசல், இல்லை. அடுத்த மெஷின். அதுவும் இல்லை. அதற்கடுத்தது. பூட்டுகள் நன்றாக வேலை செய்தன. அதில் அவனுக்கு ஒரு கணம் பெருமைகூட வந்தது. பிறகுதான் உறைத்தது, இது உள்ளே வரப் பார்க்கிறவன் தட்டும் தட்டு அல்ல. இத்தனை நாளும் அது போக்குவரத்தாக இருந்திருக்கிறது. தாளில் மூச்சு விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இன்றுதான் எல்லா வழியும் அடைபட்டிருக்கிறது.

ஒயரைப் பிடுங்கினான். விளக்கு அணையவில்லை.

கரண்ட் போனது.

ஏசி ஒரு பெருமூச்சோடு நின்றது. ஹப்பும் அவனுடைய திரையும் மட்டும் யுபிஎஸ்ஸில் உயிரோடு இருந்தன. யுபிஎஸ் பீப் என்றது. மழை. பீப். அந்த இடைவெளியில், கடைசி வரிசையில், ஒரு தகரப் பெட்டிக்குள் திருகாணி உருண்டது.

பெட்டியை யாரும் நகர்த்தவில்லை.

உருண்டு, சுவரில் முட்டி, நின்றது. பிறகு பக்கத்துப் பெட்டி. அதில் திருகாணியே கிடையாது. ஆனாலும் உருண்டது. பிறகு அதற்குப் பக்கத்தில். வரிசை வழியாக. நடைபாதையை நோக்கி.

வாசம் வந்தது. அண்டா அண்டாவாக நெல் வேகிற வாசம், தொண்டைக்குள் உமியாய் அப்புகிற வாசம். தரையெல்லாம் சூடு. செருப்பின் வழியாக ஏறியது. யுபிஎஸ் கடைசியாக ஒரு முறை நீளமாகக் கத்திவிட்டுச் செத்தது. திரை போனது. ஹப் போகவில்லை. கரண்டே இல்லாத ஹப்பில் கடைசி வரிசையின் விளக்குகள் எல்லாம் எரிந்தன.

அருண் ஓடினான். பழக்கம். கால்கள் தாமாகப் பின்கதவுக்கு ஓடின. தாழ்ப்பாளை இழுத்தான். தள்ளினான். தோளால் இடித்தான். வெளியே பூட்டு இரும்பில் மோதி டங் என்றது. நல்ல பூட்டு. பார்த்துப் பார்த்து வாங்கியது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

முருகையன். ஹாலின் அந்தக் கோடியில். ஷட்டரடியில் இருந்த சாம்பல் பட்டையில் இரண்டு கால்களும் ஒரு குடையின் நிழலும்.

அருண் திரும்பினான். நாற்காலி இடறியது. ஒயர் காலைச் சுற்றியது. விழுந்தான். எழுந்தான். கை பட்ட மேசையெல்லாம் ஈரம்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

வாயைத் திறந்தான். நான் இருக்கேண்ணே. நான் இருக்கேன். வாய் முழுக்க வெந்நீர்ச் சூடு நிறைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றான். அவன் குரல் வேறு எங்கோ வேலையாக இருந்தது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா சார்?"

"யாரும் இல்ல, சாத்திக்கினு போ!"

அவனுக்கும் ஷட்டருக்கும் நடுவே, யாரும் இல்லாத இடத்திலிருந்து, அவனுடைய குரல். அதே எகத்தாளம். கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு, அதுவும் அவனுடையது.

வெளியே முருகையன் சிரித்தார். "சரிங்க மாப்ள சார். பின்னால பாத்து போங்க, ஒரே சேறா கீது."

பட்டை மெலிந்தது. முழங்கால். கணுக்கால். ஒரு கோடு. ஷட்டர் தரையைத் தொட்டது. பூட்டு. சாவி. சேற்றில் காலடி. மழை.

அருண் திரும்பினான். பச்சை வெளிச்சத்தில் கடைசி வரிசை தெரிந்தது. காலி மானிட்டர்களின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வந்தன. வேர்த்தன. உள்பக்கமாக.

"யாரு?" என்றது அவன் குரல், பக்கத்தில், ரொம்ப மெதுவாக. "என்ன வேணும்?"

சுவரோரம் இருந்த கண்ணாடியில், வெந்து வெளுத்த உள்ளங்கை ஒன்று உள்ளிருந்து வட்டமாகத் துடைத்தது, வெளியே பார்ப்பதற்கு. பிறகு அதற்குப் பக்கத்துக் கண்ணாடியில். பிறகு அதற்கும் பக்கத்தில்.